அச்சு முடிந்த பின் அந்தத் தாள்

மருதமுனையில் கைத்தறிச் சாரன் வாங்கப் போகும் விவரமானவர் முன்பக்கத்துக் கோடுகளைப் பார்த்த உடனே விலை பேசமாட்டார். துணியைப் புரட்டுவார். கரையை விரலால் தடவுவார். இழை எங்கே அறுந்து முடிச்சு விழுந்திருக்கிறது, நெசவு எங்கே இறுகி எங்கே தளர்ந்திருக்கிறது என்பதெல்லாம் உள்பக்கத்தில்தான் தெரியும். சித்திரக்கதை ஓவியத்தின் மூலத்தாளைப் பார்க்கவும் அந்தக் கண்ணே வேண்டும். மூலத்தாள் என்றால், அச்சுக்குப் போவதற்காக ஓவியர் தம் கையால் மையிட்டு வரைந்த தாள். பத்திரிகையில் நாம் கண்டது துணியின் முன்பக்கம், அந்தத் தாள் அதன் உள்பக்கம். அதைத் தேடி வாங்கிச் சேர்ப்பது மேல்நாட்டுப் பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. எனக்குத் தோன்றுவது நேர்மாறு. தமிழிலும் இலங்கையிலும் வரையப்பட்ட சித்திரக்கதைத் தாள்களைக் காப்பாற்றப் பெரிய பணம் வரப்போவதில்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ சாகாமத்திலோ மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடைக்காரரும் சேர்த்தால்தான் உண்டு. அது அவர்களால் முடியும் என்று சொல்லவும் காரணம் இருக்கிறது.

ஒரு மூலப் பக்கத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் அதன் அளவு வியக்க வைக்கும். சஞ்சிகையில் உள்ளங்கை அகலத்தில் வந்த படம் தாளில் விரித்துவைத்த கொப்பி அளவுக்கு இருக்கும். பெரிதாக வரைந்து சிறிதாக்கி அச்சிட்டால் கை நடுக்கமும் கோட்டின் பிசிறும் ஒடுங்கிப் போகும் என்பதால்தான் அப்படி வரைந்தார்கள். அமெரிக்க ஓவியர்கள் 1960களின் நடுப்பகுதி வரை அச்சுப் பக்கத்தின் இருமடங்கு அளவில் வரைந்தார்கள், பிறகு அது ஒன்றரை மடங்காகச் சுருங்கியது. அடுத்து, தாளை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். மைக்கோட்டுக்கு அடியில் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். ஓடுகிறவனின் கால் முதலில் வேறொரு கோணத்தில் இருந்திருக்கும், ஓவியர் மனம் மாறி முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கியிருப்பார். தூரிகைக் கோடு நடுவில் பருத்து முனையில் மயிரிழையாக முடியும். தொட்டெழுதும் பேனாவின் கோடு தாளைக் கீறிக்கொண்டு போயிருக்கும். கன்னத்தில் வெள்ளை வர்ணம் ஒரு பொட்டுத் தெரிந்தால், அங்கே மை சிந்தியதோ, கண் சரியாக விழவில்லையோ என்று யோசிக்கலாம். வசனத்தைத் தனித்தாளில் எழுதி வெட்டி ஒட்டியிருந்தால் பசை பழுப்பேறி அதைச் சுற்றி நிழல் கட்டியிருக்கும். ஓரத்தில் எத்தனை அங்குலத்துக்குச் சுருக்கவேண்டும் என்று அச்சகத்தாருக்குக் குறிப்பு, ஆங்காங்கே வெளிர்நீலப் பென்சில் கோடுகள். அந்த நீலம் அச்சகத்துக் கெமராவின் கண்ணில் படாது. ஆகவே ஓவியர்கள் அதை அழிக்காமல் விட்டார்கள். ஒரு மனிதர் ஒரு பகல் முழுக்க யோசித்தது அந்தத் தாளில் அப்படியே கிடக்கிறது. அச்சில் அதில் கால்வாசிகூட வருவதில்லை.

இத்தனை விசேஷமான தாளை ஏன் எறிந்தார்கள்? அன்றைய அச்சுமுறையைத் தெரிந்துகொண்டால் அவர்கள் மேல் கோபம் வராது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஓவியத்தைப் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து புளொக் செய்வார்கள். அச்சகத்துக்கு வேண்டியது அந்த புளொக்தான். ஓப்செட் வந்தபோது பிலிம் அந்த இடத்தைப் பிடித்தது. கொங்கிரீட் இறுகியதும் அடித்த பலகையைக் கழற்றி மூலையில் போடுவதைப் போல, ஓவியத்தாளும் வேலை முடிந்த சாமானாகக் குவிந்தது. வசதி படைத்த நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்துக்கு 10,000 பக்கங்களுக்கு மேல் வரைந்தவர் ஜாக் கர்பி. தம் தாள்களைத் திரும்பக் கேட்டு நீண்ட காலம் போராடிய பிறகு, 1987இல் அவர் கைக்கு வந்தவை ஏறத்தாழ 2,000 பக்கங்கள் மட்டுமே. பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே 1936இல் 'நீலத் தாமரை' என்ற டின்டின் கதைக்கு வரைந்த ஓர் அட்டைப்படம், அச்சுச் செலவு கட்டாது என்று ஒதுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் பதிப்பாளரின் குடும்பத்தில் கிடந்தது. 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அது ஏறத்தாழ 32 இலட்சம் யூரோவுக்குப் போனது. அந்தப் படத்தில் மடித்து வைத்த தடங்கள் இன்றும் தெரிகின்றன. உலகச் சாதனை விலை போன தாளையே ஒரு காலத்தில் கடிதம்போல மடித்து வைத்திருந்தார்கள் என்றால், மற்றவற்றின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம். இலங்கையில் சிங்களச் சித்திரக்கதையின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1951இல் லங்காதீப பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா'. 1970களில் சித்திரக்கதைக்கென்றே வாராந்தத் தாள்கள் வந்து பெரும் எண்ணிக்கையில் விற்றன. கமிலஸ் பெரேராவின் கஜமான் அந்த அலையில் வீடுதோறும் அறிமுகமான பாத்திரம். இலங்கைத் தமிழில் அப்படியொரு தொழில் வளரவில்லை. நமக்கு வாய்த்தவர் சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரம். 1924இல் கரவெட்டியில் பிறந்து பம்பாயில் படித்தவர். தினகரனில் சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை உலவவிட்டார். 1963இல் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கி, முதலில் கொழும்பிலும் பிறகு யாழ்ப்பாணத்திலுமாக, பணத்தட்டுப்பாட்டுக்கும் போருக்கும் நடுவே அதை நடத்தினார். 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ச் சஞ்சிகைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, சிரித்திரனும் அதில் ஒன்று. இன்று அதன் பழைய இதழ்கள் பலவற்றை 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். அது பெரிய சேவை. ஆயினும் அங்கே இருப்பவை அச்சான பக்கங்களின் பிரதிகள். சவாரித் தம்பரின் மூக்கை எத்தனை முறை அழித்து வரைந்தார், கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தாரா என்பதை அவை சொல்லமாட்டா. அதைச் சொல்லக்கூடியது அவர் கைபட்ட தாள் மட்டுமே.

தமிழ்நாட்டிலும் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. நம் ஊர்களில் ஒரு தலைமுறை முழுக்க உயிராய்ப் படித்த முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984இல் மாடஸ்டியோடு தொடங்கியது. மாயாவி பிரித்தானிய வார இதழுக்காக ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தவர், மாடஸ்டி லண்டன் நாளிதழுக்காக ஜிம் ஹோல்டவே வரைந்தவள். உள்ளே தமிழ்க் கை பட்டது எழுத்திலும் தலைப்பிலும்தான். தமிழ் ஓவியரின் கோட்டைப் பார்க்க வேண்டுமானால் வேறிடங்களுக்குப் போகவேண்டும்: 1960 முதல் தினத்தந்தியில் நாள்தோறும் வந்து 20,000 நாட்களைக் கடந்த கன்னித்தீவு, வாண்டுமாமாவின் கதைகளுக்குச் செல்லம் வரைந்த பக்கங்கள், ஆனந்த விகடனில் கோபுலு ஒரு வார்த்தையும் இல்லாமல் சிரிக்கவைத்த தொடர்ப்படங்கள், அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஆயிரக்கணக்கான தாள்கள். நமது நாட்டார் வழக்கில் உடையும் நடையும் முகவெட்டும் எப்படி இருந்தன என்பதற்கு இவற்றைவிட நெருக்கமான படச்சான்று அதிகமில்லை. ஆனால் இவற்றுக்கென்று ஓர் அரும்பொருட்சாலை நம்மிடம் இல்லை. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977இல் இரண்டு வகுப்பறைகளில் தொடங்கிய பில்லி அயர்லாந்து சித்திர நூலகம் இன்று உலகிலேயே பெரிய சேகரிப்புகளில் ஒன்று. பிரசெல்சில் 1989 முதல் சித்திரக்கதைக்கென்றே தனி மண்டபம் இருக்கிறது. அங்கெல்லாம் நிறுவனம் வருவதற்கு முன்பே தனியாட்கள் தாள்களைக் கட்டிவைத்திருந்தார்கள், நிறுவனம் அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது. நம்மிடம் அந்த முதற்படியே நடக்கவில்லை.

இங்கேதான் சின்னப் பணத்தின் கதை வருகிறது. 2022 ஜனவரியில் சிலந்தி மனிதன் கறுப்பு உடையோடு தோன்றும் ஒரேயொரு பக்கம் அமெரிக்க ஏலத்தில் 33 இலட்சம் டொலரைத் தாண்டியது. இலங்கையில் அதே ஆண்டு மார்ச்சில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயைக் கடந்தது. அந்தச் சந்தையை நாம் எட்டிப் பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த விலை எப்படி உருவாகிறது என்று பிரித்துப் பார்த்தால் நமக்கான வாசல் தெரியும். அட்டைப்படத்துக்கு உச்ச விலை. அதற்கடுத்து, பக்கம் முழுதும் ஒரே படமாக வருவது. பிறகு வீரன் தன் உடுப்போடு சண்டையிடும் பக்கம். இரண்டு பேர் தேநீர் குடித்தபடி பேசும் பக்கம், மழை பெய்யும் தெரு, வீரனே வராத பக்கம் எல்லாம் கடைசியில் நிற்கும். பெயர் மங்கிய ஓவியரின் நாளிதழ்த் துண்டுகள் இன்னும் கீழே. மாடஸ்டிக்கு மட்டுமே 1963 முதல் 2001 வரை 10,000 துண்டுகளுக்கு மேல் வரையப்பட்டன என்றால், உலகில் இப்படி எவ்வளவு தாள் இருக்கும் என்று ஊகிக்கலாம். வாங்குகிறவர்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் வீரனின் புகழுக்குத்தான். வரைந்த திறமைக்கு அவர்கள் தனியாக விலை வைப்பதில்லை. நல்ல ஓவியரின் கெட்டித்தனம் பல வேளை அந்தத் தேநீர்ப் பக்கத்தில்தான் இருக்கும்: அசையாமல் இருக்கும் இரண்டு பேரை ஆறு கட்டங்களுக்கு அலுப்பில்லாமல் காட்டுவது சண்டை வரைவதைவிடக் கடினம். கண் பழகியவருக்கு மலிவான பக்கமே சிறந்த பக்கமாக அமையும்.

நம் நாட்டிலோ இன்னும் எளிது. இங்கே சித்திரக்கதைத் தாளுக்கு ஏலமும் இல்லை, தரகரும் இல்லை. வாங்குவதென்றால் வரைந்தவரிடமே போகவேண்டும். வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைகிறவர், சிறுகதைக்குப் படம் போடுகிறவர், பாடநூல் ஓவியர், இளைப்பாறிய சித்திர ஆசிரியர் என்று அத்தகையவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் இதுவரை எவரும் இந்தக் கேள்வியையே கேட்டதில்லை. 'இன்ன மாதம் இன்ன பத்திரிகையில் வந்த அந்தப் படத்தின் தாள் உங்களிடம் இருக்கிறதா, விலைக்குத் தருவீர்களா?' என்று மரியாதையாகக் கேட்டால் போதும். அவர் சொல்லும் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசவேண்டாம். கட்டாவிட்டால் பென்சிலில் போட்ட முன்வரைவைக் கேட்கலாம், சிறியதொரு கட்டத்தைக் கேட்கலாம், அடுத்த ஆண்டு வருவதாகச் சொல்லலாம். ஓசியில் மட்டும் கேட்கக்கூடாது. ஆண்டுக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டால் பத்து ஆண்டில் பத்துத் தாள். அந்தப் பத்தும் ஒரே பொருளைப் பற்றியவை என்றால் அதற்குப் பெயர் சேகரிப்பு. வெவ்வேறு ஓவியர்கள் வரைந்த மீன்பிடி வள்ளங்கள் மட்டும், அல்லது தேநீர்க்கடைகள் மட்டும், அல்லது குடை பிடித்த மனிதர்கள் மட்டும். சிதறி வாங்கிய விலையுயர்ந்த மூன்று தாள்களைவிட, வள்ளத்தின் அணியத்தைப் பத்துக் கைகள் பத்து விதமாக வளைத்திருப்பதைக் காட்டும் மலிவுத் தாள்கள் கண்ணுக்கு அதிகம் கற்றுத்தரும். ஒன்றை மறக்கவேண்டாம்: தாளை வாங்கினால் படத்தின் பதிப்புரிமை கூடவே வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது பொதுவாக ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். சட்டையில் அச்சடித்து விற்க அனுமதி தனியாகப் பெறவேண்டும்.

சித்திரக்கதை அச்சுக்காகப் பிறந்தது, அச்சான புத்தகமே உண்மையான படைப்பு, தாள் வெறும் பண்டம் என்று சிலர் சொல்வார்கள். இது வலுவான மறுப்பு, பாதி எனக்கும் உடன்பாடே. ஓவியர் மனதில் வைத்து வரைந்தது நம் கையிலிருக்கும் இதழைத்தான். ஒரு கட்டத்தை மட்டும் பிய்த்துச் சட்டமிட்டு மாட்டினால் கதை போய்விடும், மிஞ்சுவது அலங்காரம். அதனால் மூலத்தாள் வாங்குகிறவர் அந்தப் படம் வந்த இதழையும் தேடி வாங்கவேண்டும் என்பேன். பழைய புத்தகக் கடையில் அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பயன் முழுமையாகும். தாளில் கம்பீரமாக இருந்த நுண்கோடுகள் மட்டமான பத்திரிகைத்தாளில் மை பரவி ஒன்றாகி அடைபட்டிருப்பது தெரியும். அது தெரிந்தே ஒரு கெட்டிக்கார ஓவியர் இருட்டை முழுக்கறுப்பாக விட்டிருப்பார், அச்சகத்தின் குறையையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பாடம் இதழை மட்டும் வைத்திருப்பவருக்கும் கிடைக்காது, தாளை மட்டும் வைத்திருப்பவருக்கும் கிடைக்காது.

அரிசி விலையும் மின்கட்டணமும் இப்படி இருக்கையில் இதெல்லாம் தேவையா என்ற கேள்வியும் நியாயமானது. கடன் பட்டு எவரும் படம் வாங்கக்கூடாது. பிற்காலத்தில் விலை ஏறும் என்று எண்ணியும் வாங்கக்கூடாது, ஏனெனில் இங்கே திரும்ப விற்கச் சந்தையே இல்லை. ஆனால் எறியப்போகும் தாளை எறியாமல் வைத்திருக்கச் செலவு கிடையாது. ஓவியர் ஒருவர் வீடு மாறும்போது, அச்சகம் ஒன்று மூடும்போது, 'அந்தக் கட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்' என்று சொல்லவும் செலவு கிடையாது. உருவப்படத்தைச் சுவரில் மாட்டுவதை ஏற்காத குடும்பங்களும் நம் ஊர்களில் உண்டு, இஸ்லாமிய மார்க்க அறிஞர்களிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவரவர் வீட்டு முடிவு அவரவருக்கு. சித்திரக்கதையில் ஆள் இல்லாத கட்டங்கள் ஏராளம்: அலை, கூரை, தோணி, வெறிச்சோடிய கடைத்தெரு, தலைப்பெழுத்து. அப்படியான தாள்களை மட்டும் தேடுகிறவருக்கும் ஒரு வாழ்நாளுக்குப் போதும். மேலும், தாளின் நலனைக் கருதினால் எந்தப் படமும் சுவரில் இருக்கக்கூடாது. நிறப்பேனாவும் நீர்வர்ணமும் வெளிச்சத்தில் மங்கிவிடும். இருட்டான அலுமாரிதான் அதற்குச் சரியான இடம், விரும்பியபோது எடுத்துப் பார்க்கலாம்.

உப்புக்காற்றும் மாரிகால ஈரமும் உள்ள கரையில் காகிதம் தங்குமா? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கத்தில் கடல் எதையெல்லாம் கொண்டுபோனது என்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதன்முன் எந்தப் பெட்டியும் நிற்காது. ஆகவே முதல் வேலை, வாங்கிய அன்றே தாளின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவைப்பது. அன்றாட ஈரத்துக்கும் கறையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் எதிராகச் செய்யக்கூடியவை எளியவை: நிலத்திலிருந்து உயரமான தட்டு, வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரி, மட்டமாகப் படுக்கவைத்த கோவை, மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தல், கச்சான் அடிக்கும் காய்ந்த நாட்களில் நிழலில் காற்றாட விடுதல். மாணவர் வாங்கும் ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டால் மை அதில் ஏறிவிடும், பொலியெஸ்டர் உறை கொஞ்சம் விலை கூடினாலும் பாதுகாப்பு. தாளைச் சுருட்டினால் வெள்ளை வர்ணம் வெடித்து உதிரும். செலோடேப் ஒட்டவேண்டாம். எல்லாவற்றையும்விட, லெமினேட் செய்யவேண்டாம். சான்றிதழுக்கு நல்லது என்று பழகிப்போன அந்த வேலை மூலத்தாளைக் கொன்றுவிடும். சூடும் பசையும் ஏறிய பிறகு அதைப் பிரிக்க வழியில்லை.

இன்றைய இளம் ஓவியர்களில் பலர் கணினித் திரையிலேயே வரைகிறார்கள், அவர்களிடம் தாளே கிடையாது. அதைக் குறை சொல்ல முடியாது, வேலை விரைவாகிறது, மைச்செலவு மிச்சம். ஆனால் இதனால் கையால் வரைந்த தாள்களின் தொகை இனிக் கூடுவது மெதுவாகும், ஏற்கெனவே இருப்பவை மூத்த ஓவியர்களின் வீட்டுப் பரணிலும் கட்டிலுக்கடியிலும்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. தாளைக் கையில் வாங்கியதும் அவர்களையே ஒரு மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் நான்கு விஷயம் எழுதித்தரச் சொல்லலாம்: தம் பெயர், வரைந்த ஆண்டு, எந்தப் பத்திரிகையின் எந்த இதழில் வந்தது, பேனாவா தூரிகையா. போல்பென் வேண்டாம், முன்பக்கத்துக்கு ஊறும்.